நீருக்கடியில் படமெடுக்க மிரர்லெஸ் கேமரா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதுச்சேரியிலும் அந்தமானிலும் டைவிங் படகில் ஏறி உட்கார்ந்தால், என் மடியில் இருக்கும் கேமராவைப் பார்த்து யாராவது ஒருவர் பேச்சைத் தொடங்கிவிடுவார். கரை திரும்புவதற்குள் அந்தப் பேச்சு முடிவதில்லை. பிறகு தொலைபேசியில் தொடரும். பல ஆண்டுகளாகக் கேட்கப்படும் ஐயங்கள் பெரும்பாலும் ஒன்றாகவே இருப்பதால், கேட்டவர்களின் சொற்களிலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். எளிய கேள்விகள் முதலிலும் நுணுக்கமானவை பிற்பகுதியிலும் வருகின்றன.

சில சொற்களை மட்டும் முன்கூட்டியே விளக்கிவிடுகிறேன். உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி இல்லாமல், காட்சியை மின்னணுத் திரையில் காட்டும், லென்ஸை மாற்றக்கூடிய கேமரா மிரர்லெஸ். லென்ஸ் நீங்கலான கேமராவின் உடல் பாடி. கேமராவை நீர் புகாமல் மூடும் பெட்டி ஹவுசிங். லென்ஸுக்கு முன்னால் அந்தப் பெட்டியில் பொருத்தப்படும் கண்ணாடி அல்லது அக்ரிலிக் முகப்பு போர்ட். நீருக்கடியில் பயன்படும் ஃபிளாஷ் விளக்கு ஸ்ட்ரோப்.

என்னிடம் ஏற்கெனவே ஒரு மிரர்லெஸ் கேமரா இருக்கிறது. ஹவுசிங் மட்டும் வாங்கினால் போதும்தானே?

போதும், உங்கள் மாடலுக்கு ஹவுசிங் தயாரிக்கப்பட்டிருந்தால். ஹவுசிங்கின் ஒவ்வொரு பொத்தானும் கேமராவில் உள்ள பொத்தானுக்கு நேர் மேலே உட்காரும்படி அச்சாக வார்க்கப்படுகிறது. பொத்தான் ஐந்து மில்லிமீட்டர் தள்ளியிருந்தாலும் அது வேலை செய்யாது. சோனி ஏ6400-க்குச் செய்த பெட்டியில் ஏ6700 உட்காராது. அதிகம் விற்காத மாடல்களுக்குப் பெட்டியே வருவதில்லை. பழைய மாடல்களுக்கு உற்பத்தி நின்றுவிடுகிறது.

ஆகவே புதிதாக வாங்குபவர்கள் வழக்கமான வரிசையைத் தலைகீழாக்க வேண்டும் என்பதே என் முதல் அறிவுரை. எதைப் படமெடுக்கப் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். அதற்கு எந்த லென்ஸ், அந்த லென்ஸுக்கு எந்த போர்ட், அந்த போர்ட்டை ஏற்கும் ஹவுசிங் எது என்று பார்த்து வாருங்கள். கேமரா பாடி கடைசியில் தானாகவே தேர்வாகிவிடும். கேமராவை முதலில் வாங்கிவிட்டு, அதற்குப் பொருந்தும் போர்ட் கிடைக்காமல் ஓராண்டுக்கு மேல் அலமாரியில் வைத்திருந்தவர்களை நான் அறிவேன்.

அக்கா, போன வாரம்தான் ஓப்பன் வாட்டர் முடித்தேன். அடுத்த டைவில் கேமராவோடு இறங்கலாமா?

இறங்க வேண்டாம் என்றுதான் சொல்வேன். டைவிங்கின் தொடக்கநிலைச் சான்றிதழான ஓப்பன் வாட்டர் 18 மீட்டர் ஆழம் வரை செல்ல அனுமதி தருகிறது. ஆனால் இரண்டு கைகளையும் கேமராவுக்குக் கொடுத்துவிட்டு, மூச்சின் ஏற்ற இறக்கத்தை மட்டும் கொண்டு ஓரிடத்தில் அசையாமல் மிதக்கும் பழக்கம் பல டைவ்களுக்குப் பிறகுதான் வரும். அது வருவதற்கு முன் கேமராவைப் பிடித்தவரின் கண் திரையில் இருக்கும். காலில் மாட்டிய துடுப்பு பவளத்தில் இடிக்கும். காற்றளவு மானியை அவர் பார்க்கவே மாட்டார்.

பவளங்களும் கடல்குதிரைகளும் 2001-ஆம் ஆண்டு நம் நாட்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணையில் சேர்க்கப்பட்டவை. சட்டத்தை விட்டுவிட்டாலும், ஒரு கை அகலம் வளரப் பல ஆண்டுகள் எடுத்துக்கொண்ட ஒரு கிளை ஒரு படத்துக்காக ஒடிவதைப் பார்க்க மனம் தாங்காது. தலைகீழாகவும் பக்கவாட்டிலும் மிதந்தபடி ஒரு நிமிடம் ஆழம் மாறாமல் இருக்க முடிகிறதா என்று வெறுங்கையோடு சோதித்துப் பாருங்கள். முடிந்த நாளில் கேமராவை எடுங்கள்.

இவ்வளவு செலவு எதற்கு? கோப்ரோ அல்லது டிஜி-7 மாதிரி சின்ன கேமரா போதாதா?

பலருக்குப் போதும், இதை நான் தயங்காமல் சொல்கிறேன். ஓஎம் சிஸ்டம் டிஜி-7 எந்தப் பெட்டியும் இல்லாமல் 15 மீட்டர் வரையும், அதற்கான ஹவுசிங்கோடு 45 மீட்டர் வரையும் இறங்கும். ஒரு சென்டிமீட்டர் நெருக்கத்தில் ஃபோகஸ் செய்யும் அதன் நுண்படப் பயன்முறை, அரிசி மணி அளவுள்ள இறாலையும் திரை நிறையக் காட்டும். ரா கோப்பும், அதாவது பிறகு நிறத்தைத் திருத்த வசதியான மூலப் பதிவும், கிடைக்கும். கோப்ரோ 10 மீட்டர் வரை தானாகவே தாங்கும். நல்ல வெளிச்சத்தில் வீடியோ எடுக்க அது சிறந்தது.

மிரர்லெஸ் தேவைப்படுவது வேறு இடத்தில். டிஜி-7-இல் ஒளியைப் பதியும் சென்சார் சிறுவிரல் நகத்தை விடச் சிறியது. மங்கிய ஆழத்தில் ஐஎஸ்ஓவை (ஒளியுணர்வு அளவை) உயர்த்தினால் படம் மணல் மணலாகிவிடும். அபெர்ச்சரையும் (லென்ஸில் ஒளி புகும் துளை) ஷட்டரையும் (ஒளி விழும் நேரம்) முழுமையாக உங்கள் விருப்பப்படி வைக்கவும், வேகமாக நீந்தும் மீனைப் பிடிக்கவும் அதில் இயலாது. சின்ன கேமராவில் இந்த எல்லைகளை நீங்களே முட்டிப் பார்த்த பிறகு மிரர்லெஸுக்கு வாருங்கள். எதற்காக வாங்குகிறோம் என்பது அப்போது தெளிவாக இருக்கும்.

டிஎஸ்எல்ஆர் இப்போது மலிவாகக் கிடைக்கிறதே, அதை வாங்கினால் என்ன?

டிஎஸ்எல்ஆர் என்பது உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி கொண்ட முந்தைய வகை. படத்தின் தரத்தில் குறை இருக்காது. ஆனால் டைவிங் முகமூடி அணிந்த கண்ணுக்கும் ஹவுசிங்கின் பின்பக்கத்துக்கும் இடையே ஒரு இடைவெளி எப்போதும் இருப்பதால், டிஎஸ்எல்ஆரில் கண்ணை வைத்துப் பார்க்கும் ஒளியியல் வியூஃபைண்டர் வழியாகப் பார்ப்பது கடினம். மிரர்லெஸில் வெளிச்சமும் நிறமும் எப்படிப் பதியும் என்பது பின்திரையிலேயே தெரிகிறது. ஃபோகஸும் திரையைப் பார்த்தபடியே விரைவாக விழுகிறது. பாடி சிறியதாக இருப்பதால் பெட்டியும் சிறியதாகிறது. தவிர, பெரிய நிறுவனங்கள் மிரர்லெஸ் பக்கம் திரும்பிவிட்டதால் புதிய ஹவுசிங்குகள் பெரும்பாலும் அவற்றுக்கே வருகின்றன.

ஒரு சிறு வரலாற்றுச் செய்தியையும் இங்கே சொல்ல ஆசைப்படுகிறேன். பிரெஞ்சுக் கடல் ஆய்வாளர் ஜாக் குஸ்தோவின் குழுவுக்காக வடிவமைக்கப்பட்ட கலிப்ஸோ கேமராவை 1963-இல் நிக்கான் நிறுவனம் நிக்கோனோஸ் என்ற பெயரில் வெளியிட்டது. அதற்குப் பெட்டி கிடையாது. கேமராவே நீர் புகாதது. அதில் தூரத்தை உத்தேசமாகக் கணித்து, 36 படங்களுக்குள் அன்றைய டைவை முடித்தார்கள். இன்று நம் கையில் இருக்கும் வசதியின் அளவு அதை நினைத்தால்தான் புரிகிறது.

ஃபுல் ஃபிரேமா, ஏபிஎஸ்-சியா, மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸா? எதற்குப் போவது?

இவை சென்சாரின் அளவுகள்: ஃபுல் ஃபிரேம் பெரியது, ஏபிஎஸ்-சி நடுத்தரம், மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் சிறியது. தரையில் ஃபுல் ஃபிரேம் தரும் ஆதாயத்தில் ஒரு பகுதியை நீர் எடுத்துக்கொண்டுவிடுகிறது. அபெர்ச்சரைக் குறிக்கும் எஃப் எண் கூடக்கூடத் துளை சிறிதாகும். ஃபுல் ஃபிரேமில் எஃப்/16 வைத்தால் கிடைக்கும் ஆழத்தெளிவு (அருகிலிருந்து தொலைவு வரை தெளிவாக விழும் வீச்சு) மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில் எஃப்/8-லேயே கிடைக்கிறது. நீருக்கடியில் நாம் பெரும்பாலும் அபெர்ச்சரை மூடியே எடுப்பதால், பெரிய சென்சார் வைத்திருப்பவர் அதே தெளிவுக்காக ஐஎஸ்ஓவையோ ஸ்ட்ரோபின் சக்தியையோ கூட்ட வேண்டியிருக்கிறது.

சூரியனைப் பின்னால் வைத்து எடுக்கும் அகலப் படங்களுக்கும், பெரிதாக அச்சிடுவதற்கும் ஃபுல் ஃபிரேம் மேலானது, அதில் ஐயமில்லை. ஆனால் அதன் ஹவுசிங், குவிந்த டோம் போர்ட், லென்ஸ் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு சென்னை விமான நிலையத்தில் நிற்கும்போது எடை தெரியும். முதல் கேமராவாக வாங்குபவருக்கு ஏபிஎஸ்-சி அல்லது மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் என்பதே என் பரிந்துரை.

சுற்றி வளைக்காமல் ஒரு மாடல் பெயரைச் சொல்லுங்களேன்.

ஒரே பெயரைச் சொன்னால் அது பொய்யான உதவியாகிவிடும் என்பதால், கடையில் கையில் எடுத்துப் பார்க்கும்போது கவனிக்க வேண்டியவற்றைச் சொல்கிறேன். முதலாவது பேட்டரி. படகில் இரண்டு டைவ்களுக்கு இடையே ஹவுசிங்கைத் திறக்காமல் இருப்பது பாதுகாப்பானது என்பதால், ஒரே பேட்டரி இரண்டு டைவ்களுக்கும் வர வேண்டும். ஏ6400-இல் உள்ள பேட்டரியை விட ஏ6700-இல் உள்ளது இரு மடங்குக்கு மேல் கொள்ளளவு கொண்டது. இந்த ஒரு வேறுபாட்டுக்காகவே சிலர் மாறியிருக்கிறார்கள்.

இரண்டாவது, பாடியிலேயே எழும்பும் சிறு ஃபிளாஷ் இருக்கிறதா என்பது. ஏ6400, கேனான் ஆர்10, நிக்கான் இசட்50 ஆகியவற்றில் இருக்கிறது, ஏ6700, ஆர்7 ஆகியவற்றில் இல்லை. இதன் முக்கியத்துவத்தை ஸ்ட்ரோப் இணைப்பைப் பற்றிய கேள்வியில் சொல்கிறேன். மூன்றாவது, கஸ்டம் ஒயிட் பேலன்ஸை (வெள்ளை வெள்ளையாகவே பதியும்படி நிறத்தைச் சரிசெய்வது) எத்தனை அழுத்தங்களில் எடுக்க முடிகிறது என்பது. மூன்று மெனுக்களைத் தாண்டித்தான் போக வேண்டும் என்றால், 12 மீட்டர் ஆழத்தில் நீங்கள் அதைச் செய்யவே மாட்டீர்கள்.

பிளாஸ்டிக் ஹவுசிங், அலுமினிய ஹவுசிங் - விலை வித்தியாசத்துக்குத் தகுந்த பயன் உண்டா?

உண்டு, ஆனால் எல்லோருக்கும் அல்ல. சீஃபிராக்ஸ் போன்ற பாலிகார்பனேட் பெட்டிகள் 40 மீட்டர் வரை தாங்கும். ஐக்லைட் பெட்டிகள் பெரும்பாலும் 60 மீட்டர் வரையும், நாட்டிகாம் போன்ற அலுமினியப் பெட்டிகள் பெரும்பாலும் 100 மீட்டர் வரையும் தாங்குகின்றன. பொழுதுபோக்கு டைவிங்கின் எல்லையே 40 மீட்டர்தான் என்பதால், ஆழத்தை மட்டும் வைத்து அலுமினியம் வாங்க வேண்டியதில்லை.

அலுமினியத்தின் மேன்மை கையில் தெரியும். விரலை நகர்த்தாமலே எல்லா டயல்களையும் திருப்பலாம். கேமராவின் சூடு உலோகம் வழியாக நீருக்குப் போய்விடுவதால் உள்ளே பனி படிவது குறைகிறது. போர்ட், லென்ஸ் தேர்வுகள் அதிகம். அதன் விலை பெரும்பாலும் கேமரா பாடியின் விலையைத் தாண்டிவிடும். ஆண்டுக்குப் பத்து டைவ் செய்பவருக்குப் பாலிகார்பனேட் போதும். மிச்சமாகும் பணத்தை ஸ்ட்ரோபுக்கு ஒதுக்கினால் படத்தில் தெரியும் முன்னேற்றம் பல மடங்காக இருக்கும்.

ஒரே ஒரு லென்ஸ்தான் வாங்க முடியும் என்றால் எது?

நீங்கள் எந்தக் கடலில் இறங்குகிறீர்கள் என்பதுதான் விடை. புதுச்சேரிக் கடலில் ஐந்து மீட்டருக்கு அப்பால் எதுவும் தெரியாத நாட்கள் உண்டு. அத்தகைய நீரில் பரந்த காட்சியைப் பிடிக்கும் அகல லென்ஸ் வைத்தால் பச்சைக் கலங்கலைத்தான் படமெடுக்க முடியும். அங்கே சிறு உயிர்களை நெருக்கத்தில் பெரிதாகக் காட்டும் மேக்ரோ லென்ஸ் உங்களைக் காப்பாற்றும். கடற்சாமந்தியின் கைகளுக்கிடையில் நிற்கும் கோமாளி மீன், கல்லின் இடுக்கில் ஒட்டிக்கொண்டிருக்கும் வண்ண நத்தை, மண்ணோடு மண்ணாகக் கிடக்கும் கணவாயின் கண் ஆகியவற்றுக்கெல்லாம் ஒரு முழ நீர் தெளிவாக இருந்தால் போதும். அந்தமானின் ஸ்வராஜ் தீவிலோ திருகோணமலையின் நிலாவெளிக்கு எதிரேயுள்ள புறாத்தீவிலோ நீர் தெளிந்திருக்கும் பருவத்தில் இறங்குபவருக்கு அகல லென்ஸ் மனநிறைவு தரும்.

இரண்டும் வேண்டும் என்பவர்களுக்கு ஒரு நடுவழி உண்டு. கேமராவோடு வரும் கிட் லென்ஸைத் தட்டையான ஃபிளாட் போர்ட்டுக்குள் வைத்து, அதன் முன்னால் நீருக்குள்ளேயே மாட்டவும் கழற்றவும் கூடிய வெட் லென்ஸைப் பயன்படுத்தலாம். நாட்டிகாமின் டபிள்யூடபிள்யூஎல்-1, 28 மி.மீ. பார்வை கொண்ட லென்ஸை 130 பாகை அகலமாக்குகிறது. அதைக் கழற்றிவிட்டு நெருக்கப்பட லென்ஸை மாட்டினால் அதே டைவில் இறாலையும் எடுக்கலாம். வாங்குவதற்கு முன் உங்கள் கிட் லென்ஸ் அந்த வெட் லென்ஸோடு பொருந்தும் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

டோம் போர்ட், ஃபிளாட் போர்ட் இரண்டும் வெறும் கண்ணாடிதானே? ஏன் இவ்வளவு பேச்சு?

நீருக்கடியில் அந்தக் கண்ணாடியும் ஒரு லென்ஸாகிவிடுகிறது. நீரின் ஒளிவிலகல் எண் 1.33. தட்டையான போர்ட்டின் வழியாக வரும் ஒளி வளைவதால், பொருள் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும் நான்கில் ஒரு பங்கு நெருங்கியும் தெரிகிறது. டைவிங் முகமூடியில் நீங்கள் பார்ப்பதும் இதுவே. மேக்ரோவுக்கு இந்த உருப்பெருக்கம் இலவசமாகக் கிடைத்த உதவி. அகல லென்ஸுக்கோ இது பெரிய இழப்பு: 24 மி.மீ. லென்ஸின் 84 பாகைப் பார்வை, ஃபிளாட் போர்ட்டுக்குப் பின்னால் ஏறத்தாழ 60 பாகையாகச் சுருங்கிவிடும். ஓரங்களில் நிறம் பிரிந்து தெரியும்.

டோம் போர்ட் அந்த அகலத்தை மீட்டுத் தருகிறது. ஆனால் அதற்கு ஒரு விசித்திரமான குணம் உண்டு. எவ்வளவு தொலைவில் உள்ள பொருளாக இருந்தாலும், அதன் பிம்பம் டோமின் முகப்பிலிருந்து அதன் ஆரத்தின் மூன்று மடங்கு தூரத்துக்குள் உருவாகிவிடுகிறது. எட்டு அங்குல டோமின் ஆரம் சுமார் 10 சென்டிமீட்டர் என்றால், கடலின் தொடுவானமே 30 சென்டிமீட்டரில் வந்து நிற்கிறது என்று பொருள். ஆகவே உங்கள் லென்ஸுக்கு அவ்வளவு அருகில் ஃபோகஸ் செய்யத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாத லென்ஸ், விலை எவ்வளவாக இருந்தாலும், டோமுக்குப் பின்னால் பயன்படாது. அந்தப் பிம்பம் வளைந்தும் இருப்பதால் ஓரங்கள் மங்கும். எஃப்/8 முதல் எஃப்/11 வரை மூடினால் மங்கல் குறையும். டோமுக்கும் லென்ஸுக்கும் இடையே எக்ஸ்டென்ஷன் வளையம் வேண்டும் என்று தயாரிப்பாளரின் பட்டியல் குறிப்பிட்டால், அதே நீளத்தில் வாங்குங்கள். ஒரு சென்டிமீட்டர் குறைந்தாலும் ஓரங்களில் தெரியும்.

எல்லாப் படமும் நீலமாகவோ பச்சையாகவோ வருகிறது. கேமரா கோளாறா?

கேமராவில் கோளாறு எதுவும் இல்லை. நீர் சிவப்பு ஒளியை முதலில் விழுங்குகிறது. ஐந்து மீட்டரிலேயே சிவப்பின் பெரும்பகுதி போய்விடும், அடுத்து ஆரஞ்சு, பிறகு மஞ்சள். ஒளி மேலிருந்து பொருளை அடையும் தூரத்தையும், பொருளிலிருந்து லென்ஸை அடையும் தூரத்தையும் கூட்டிக் கணக்கிட வேண்டும். மூன்று மீட்டர் ஆழத்தில் உள்ள பவளத்தை இரண்டு மீட்டர் தள்ளி நின்று எடுத்தால் ஒளி ஐந்து மீட்டர் நீரைக் கடந்திருக்கும். அதே பவளத்தை அரை மீட்டரில் நெருங்கி எடுத்துப் பாருங்கள்; எதையும் மாற்றாமலே நிறம் கூடியிருக்கும்.

ஸ்ட்ரோப் இல்லாதவர்கள் ஒவ்வொரு மூன்று அல்லது நான்கு மீட்டர் ஆழத்துக்கும் கஸ்டம் ஒயிட் பேலன்ஸைப் புதிதாக எடுக்க வேண்டும். வெள்ளை எழுதுபலகை, சாம்பல் நிறத் துடுப்பு, வெளிர் மணல் எதையும் இலக்காகக் கொள்ளலாம்; சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள். நீல நீரில் சிவப்பு ஃபில்டர் ஏறத்தாழ 5 முதல் 15 மீட்டர் வரை உதவும். பச்சை நீருக்கு மெஜந்தா ஃபில்டர் தேவை. 15 மீட்டருக்குக் கீழே திருத்துவதற்குச் சிவப்பே மிச்சமிருக்காது. எப்படி எடுத்தாலும் ரா கோப்பாகவே பதியுங்கள். ஸ்ட்ரோப் பயன்படுத்தும்போது ஃபில்டரைக் கழற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் படம் செம்மண்ணில் தோய்த்தது போலாகிவிடும்.

ஸ்ட்ரோபுக்குப் பதிலாக டார்ச் அல்லது வீடியோ லைட் போதாதா?

நிலையாக அமர்ந்திருக்கும் சிறு உயிர்களுக்கு ஓரளவு போதும். ஆனால் ஸ்ட்ரோப் ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு போன்ற மிகக் குறுகிய நேரத்தில் தன் ஒளி முழுவதையும் கொட்டிவிடுவதால், மீனின் அசைவும் உங்கள் கை நடுக்கமும் படத்தில் உறைந்துவிடுகின்றன. பகலில் அகலப் படத்துக்குச் சூரிய ஒளியோடு போட்டியிடும் அளவு சக்தி வீடியோ லைட்டில் இருப்பதில்லை. கண்ணில் தொடர்ந்து விழும் ஒளியால் பல மீன்கள் விலகியும் போய்விடும்.

மேக்ரோவுக்கு ஒரு ஸ்ட்ரோப் போதும். அகலப் படங்களுக்கு இரண்டு தேவை. ஒளி போகவும் வரவும் நீரைக் கடக்க வேண்டியிருப்பதால், ஒன்று அல்லது ஒன்றரை மீட்டருக்கு அப்பால் ஸ்ட்ரோபால் நிறத்தை மீட்க முடியாது.

ஸ்ட்ரோப் போட்டதும் படம் முழுக்க வெள்ளைப் புள்ளிகள். என்ன தவறு செய்கிறேன்?

அது பேக்ஸ்கேட்டர்: நீரில் மிதக்கும் துகள்களில் ஒளி பட்டு நேராக லென்ஸுக்குத் திரும்புகிறது. இரவில் மழையில் வண்டி ஓட்டும்போது முகப்பு விளக்கில் துளிகள் மின்னுவதை நினைத்துக்கொள்ளுங்கள். லென்ஸுக்கும் பொருளுக்கும் இடையில் உள்ள நீரின் மேல் ஒளி படாமல், பொருளின் மேல் மட்டும் படும்படி செய்ய வேண்டும்.

அகலப் படத்துக்கு இரண்டு ஸ்ட்ரோப்களையும் கைகளை விரித்தது போல் பக்கவாட்டில் தள்ளி, டோமின் முகப்புக்குச் சற்றுப் பின்னால் இழுத்து, அவற்றின் முகத்தைக் கொஞ்சம் வெளிப்புறமாகத் திருப்புங்கள். ஒளிக்கற்றையின் நடுப்பகுதியை விட்டுவிட்டு அதன் விளிம்பு மட்டும் பொருளைத் தொட வேண்டும். மேக்ரோவில் ஸ்ட்ரோப்களை போர்ட்டுக்கு அருகில் கொண்டுவந்து சக்தியைக் குறையுங்கள். இவை எல்லாவற்றையும் விட, முந்தைய கேள்விகளில் சொன்னதுதான் இங்கும் பலன் தரும்: நெருங்குங்கள். இடையில் நீர் குறைந்தால் துகளும் குறையும். மணலைத் துடுப்பால் கிளப்பிவிட்டால் எந்த நிலைப்பாடும் உதவாது.

ஸ்ட்ரோபை கேமராவோடு எப்படி இணைப்பது? ஃபைபர் கேபிளா, மின் கம்பியா?

புதியவர்களுக்கு ஃபைபர் கேபிளே நல்லது. அதில் மின்சாரம் இல்லை, ஒளிதான் ஓடுகிறது. ஆகவே ஹவுசிங்கில் கூடுதல் துளை தேவையில்லை. நீருக்குள் கழன்றாலும் எதுவும் பழுதாகாது. கேமராவில் எழும்பும் ஃபிளாஷ் இருந்தால் அதன் ஒளியே கேபிள் வழியாக ஸ்ட்ரோபைத் தூண்டும். ஆனால் அந்தச் சிறு ஃபிளாஷ் கேமராவின் பேட்டரியைக் குடிக்கும்; அடுத்த படத்துக்குத் தயாராகச் சில நொடிகள் எடுக்கும். அதை ஆகக் குறைந்த சக்தியில் மேனுவலாக வைத்தால் இரண்டு குறையும் தணியும். எழும்பும் ஃபிளாஷ் இல்லாத பாடிகளுக்கு கேமராவின் உச்சியில் ஃபிளாஷ் பொருத்தும் இடமான ஹாட் ஷூவில் செருகி, ஒளியால் ஸ்ட்ரோபைத் தூண்டும் எல்இடி டிரிகர் தேவை. பட்ஜெட் போடும்போதே அதையும் சேர்த்துவிடுங்கள்.

ஸ்ட்ரோப் எரியவே இல்லை என்று அழைப்பவர்களில் பலரிடம் நான் முதலில் கேட்பது, சைலண்ட் ஷட்டர் இயங்குகிறதா என்பதைத்தான். பெரும்பாலான பாடிகளில் ஓசையற்ற அந்த மின்னணு ஷட்டர் இயங்கும்போது ஃபிளாஷ் எரியாது.

வீட்டில் நன்றாக இருந்த கேமரா, ஹவுசிங்கில் போட்டதும் திரை கறுத்துவிட்டது. தண்ணீரில் இறங்கியதும் இன்னும் மோசம்!

இவை இரண்டு வேறு சிக்கல்கள். இரண்டும் மிரர்லெஸுக்கே உரியவை. வியூஃபைண்டரின் அருகே ஒரு கண் உணரி இருக்கிறது. ஹவுசிங்கின் பின்கதவு அதை மறைக்கும்போது, நீங்கள் கண்ணை வைத்துவிட்டதாக எண்ணிக் கேமரா பின்திரையை அணைத்துவிடுகிறது. மெனுவில் பின்திரை மட்டும் இயங்கும்படி மாற்றிவிடுங்கள்.

இரண்டாவது, வெளிச்ச முன்னோட்டம். எஃப்/16, 1/200 என்று மேக்ரோவுக்கு வைத்தால், ஸ்ட்ரோப் எரியப்போவதை அறியாத திரை, இருண்ட படத்தையே காட்டும். எதன் மேல் ஃபோகஸ் விழுகிறது என்பதே தெரியாது. கேனானில் எக்ஸ்போஷர் சிமுலேஷன், சோனியில் லைவ் வியூ டிஸ்ப்ளே, ஓஎம் சிஸ்டத்தில் லைவ் வியூ பூஸ்ட் என்று பெயர் மாறுமே தவிர வேலை ஒன்றுதான். மேக்ரோவுக்கு முன்னோட்டத்தை நிறுத்துங்கள் (லைவ் வியூ பூஸ்ட்டை மட்டும் இயக்கினால்தான் முன்னோட்டம் நிற்கும்). அகலப் படத்துக்குத் திரும்ப இயக்குங்கள், ஏனெனில் பின்னணி நீலத்தின் ஆழத்தை அளக்க அதுவே உங்கள் அளவுகோல்.

எந்த செட்டிங்கில் தொடங்கட்டும்?

மேனுவல் பயன்முறையில் தொடங்குங்கள். அகலப் படத்துக்கு 1/125, எஃப்/8, ஐஎஸ்ஓ 200 முதல் 400. பின்னணி நீர் வெளிறியிருந்தால் ஷட்டரை வேகமாக்குங்கள், இருண்டிருந்தால் மெதுவாக்குங்கள். ஆனால் கேமராவின் ஃபிளாஷ் ஒத்திசைவு எல்லையை (ஃபிளாஷோடு பயன்படுத்தக்கூடிய உச்ச ஷட்டர் வேகம்), அதாவது 1/160 முதல் 1/250 வரை மாடலுக்கேற்ப இருப்பதை, தாண்ட வேண்டாம். முன்னால் உள்ள மீன் அல்லது பவளத்தின் வெளிச்சத்தை ஸ்ட்ரோபின் சக்தியால் மட்டும் சரிசெய்யுங்கள். இந்தப் பிரிவினை, பின்னணிக்கு ஷட்டர், முன்னணிக்கு ஸ்ட்ரோப் என்பது, கைக்கு வந்துவிட்டால் பாதி வழி கடந்துவிட்டீர்கள்.

மேக்ரோவுக்கு 1/200, ஐஎஸ்ஓ 100 அல்லது 200, ஃபுல் ஃபிரேமில் எஃப்/16, மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில் எஃப்/8. ஃபோகஸ் புள்ளி ஒன்றை மட்டும் வைத்துக் கண்ணின் மேல் போடுங்கள்.

ஓ-ரிங்குக்கு எவ்வளவு கிரீஸ் தடவ வேண்டும்? தண்ணீர் புகாது என்று எப்படி நம்புவது?

நீரைத் தடுப்பது கிரீஸ் அல்ல, ஹவுசிங் மூடும் விளிம்பில் உள்ள ரப்பர் வளையமான ஓ-ரிங்கின் மேல் விழும் அழுத்தம். வளையம் முறுக்கிக்கொள்ளாமல் வழுக்கி உட்காருவதற்கே கிரீஸ். முழு வளையத்துக்கும் ஓர் அரிசி மணி அளவு போதும். தடவியபின் வளையம் மினுங்க வேண்டும். வெண்மையாகப் படிந்திருக்கக் கூடாது. அதிகமான கிரீஸ் மணலையும் முடியையும் இழுத்து ஒட்டிக்கொள்ளும். ஹவுசிங் தயாரிப்பாளர் தந்த கிரீஸை மட்டும் பயன்படுத்துங்கள். சிலிக்கான் வளையத்தில் சிலிக்கான் கிரீஸ் தடவினால் வளையம் ஊதிவிடும்.

ஒருமுறை அந்தமானில், காலை அவசரத்தில் துண்டால் கையைத் துடைத்துவிட்டுப் பின்கதவை மூடினேன். ஆறு மீட்டரில் கசிவு எச்சரிக்கை சிவப்பாகச் சிமிட்டியது. மேலே வந்து திறந்து பார்த்தபோது, வளையத்தின் கீழ் வலது மூலையில், நகத்தின் அகலம் கூட இல்லாத ஒரு வெள்ளை நூலிழை குறுக்காகக் கிடந்தது. அதன் இருபக்கமும் நீர் ஊறிய தடம் இரண்டு சிறு கோடுகளாகத் தெரிந்தது. அன்றிலிருந்து துண்டு இருக்கும் அறையில் நான் ஹவுசிங்கை மூடுவதில்லை. முந்தைய இரவே, தலைமுடியைக் கட்டிக்கொண்டு, நல்ல விளக்கின் கீழ், வளையத்தை விரல் நுனிகளுக்கிடையே ஒரு முழுச்சுற்று ஓட்டிப் பார்க்கிறேன். கண்ணுக்குத் தெரியாத மணலும் விரலுக்குத் தெரியும். வளையத்தை எடுக்க ஊசி வேண்டாம். பிளாஸ்டிக் அட்டையின் மூலை போதும்.

முடிந்தால் வேக்குவம் சோதனைக் கருவியை வாங்கிவிடுங்கள். கையளவு பம்பினால் உள்ளிருக்கும் காற்றைக் கொஞ்சம் உறிஞ்சிவிட்டு அரைமணி நேரம் பச்சை விளக்கு மாறாமல் எரிகிறதா என்று பார்த்தால் கடலில் இறங்குவதற்கு முன்பே விடை தெரிந்துவிடும். குளிர்ந்த அறையில் சோதித்துவிட்டு வெயிலில் வைத்தால் உள்ளே காற்று விரிந்து பொய் எச்சரிக்கை வரலாம் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். பெரும்பாலான கசிவுகள் ஆழத்தில் நிகழ்வதில்லை. 18 மீட்டரில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் 1.8 கிலோ கூடுதல் அழுத்தம் விழுகிறது. 15-க்கு 20 சென்டிமீட்டர் பின்கதவில் அது அரை டன்னுக்கு மேல். அந்த அழுத்தமே வளையத்தை இறுக்குகிறது. ஆபத்து முதல் இரண்டு மீட்டரிலும், படகில் கேமராக்கள் ஒன்றோடொன்று மோதும் நன்னீர்த் தொட்டியிலும்தான்.

உள்ளே கண்ணாடியில் பனி படிகிறது. இதுவும் கசிவா?

பெரும்பாலும் கசிவு இல்லை. கடற்கரையின் ஈரக் காற்றை உள்ளே வைத்து மூடிவிட்டு, அதைக் குளிர்ந்த நீருக்குள் கொண்டுபோனால், ஈரம் போர்ட்டில் படியும். ஏசி ஓடும் அறையில், காற்று காய்ந்திருக்கும்போது மூடுங்கள்; காய்ந்த சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றை உள்ளே வையுங்கள். அறையிலிருந்து வெளியே வந்ததும் போர்ட்டின் வெளிப்புறம் வேர்க்கும். அது தானாக மறைந்துவிடும், திறந்து துடைக்க வேண்டாம். ஹவுசிங்கை வெயிலில் வைக்காமல் ஈரத்துணி போர்த்தி நிழலில் வையுங்கள்.

உண்மையிலேயே தண்ணீர் புகுந்துவிட்டால் என்ன செய்வது?

முதலில் உங்கள் உயிர். கேமராவுக்காக வேகமாக மேலேறக் கூடாது. வழக்கமான வேகத்தில், மேற்பரப்புக்கு முன் சற்று நேரம் நிற்கும் பாதுகாப்பு நிறுத்தத்தோடு ஏறுங்கள். போர்ட் கீழ்நோக்கி இருக்கும்படி பிடித்தால் புகுந்த நீர் முன்பக்கம் தேங்கி, பாடி தப்பிக்க வாய்ப்புண்டு. படகில் கேமராவை அணைத்துப் பேட்டரியையும் கார்டையும் உடனே கழற்றுங்கள். வேலை செய்கிறதா என்று இயக்கிப் பார்க்காதீர்கள். உப்புநீர் பட்ட லித்தியம் பேட்டரியை மறுபடி சார்ஜ் செய்யவே கூடாது, அது தீப்பிடிக்கலாம்.

விமானத்தில் எப்படிக் கொண்டுபோவது?

கேமரா, லென்ஸ், லித்தியம் பேட்டரிகள் கைப்பையில். பேட்டரி முனைகளை மூடிவையுங்கள். ஹவுசிங்கை இறுக மூடிய நிலையில் கொண்டுபோக வேண்டாம். போர்ட்டையோ வளையத்தையோ கழற்றி, காற்று போய்வரும்படி வையுங்கள். இல்லாவிட்டால் அழுத்த வேறுபாட்டில் கதவு இறுகிக்கொள்ளலாம். வெளிநாடு செல்பவர்கள் புறப்படும் விமான நிலையத்தின் சுங்க அதிகாரியிடம் கருவிகளின் வரிசை எண்களோடு ஏற்றுமதிச் சான்று வாங்கிவிட்டால், திரும்பும்போது இவை இங்கிருந்து கொண்டுபோனவை என்று வாதாட வேண்டியிருக்காது.

மன்னார் வளைகுடாவில் இறங்கிப் படமெடுக்க முடியுமா?

தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே உள்ள 21 தீவுகளைச் சூழ்ந்த பகுதி 1986-இல் கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. வனத்துறையின் அனுமதி இல்லாமல் அங்கே நுழையக் கூடாது. யாராவது மீனவர் படகில் கூட்டிப்போகிறேன் என்று சொன்னாலும் போகாதீர்கள். பிடிபட்டால் இழப்பு அவருடைய படகுக்கும் பிழைப்புக்கும்.

பாதி வானம், பாதி நீர் என்று ஒரே படத்தில் எடுப்பது எப்படி? எனக்கு வரவே இல்லை.

இது போர்ட்டின் அளவைப் பொறுத்தது. நீர்க்கோடு டோமின் மேல் மெல்லிய இழையாக நிற்க வேண்டும் என்றால் டோம் பெரிதாக இருக்க வேண்டும். எட்டு அங்குல டோமில் சிற்றலை ஒரு கோடு, நான்கு அங்குல டோமில் அதே அலை முழுத்திரையையும் மூடிவிடும். வெட் லென்ஸில் இது இயலவே இயலாது, ஏனெனில் அதற்கும் போர்ட்டுக்கும் இடையில் நீர் நிறைந்திருக்க வேண்டும்.

டோம் கேள்வியில் சொன்ன பிம்பக் கணக்கு இங்கே மறுபடி வருகிறது: நீருக்குள் இருப்பது 30 சென்டிமீட்டரிலும் வானமும் கரையும் உண்மையான தொலைவிலும் நிற்கின்றன. இரண்டையும் பிடிக்க எஃப்/13 அல்லது எஃப்/16 வரை மூடி, நீருக்குள் உள்ள பொருளின் மேல் ஃபோகஸ் செய்து பூட்டிவிடுங்கள். நீர்ப்பகுதி எப்போதும் இருண்டிருக்கும் என்பதால், சூரியன் உச்சியில் இருக்கும் நேரத்தில், வெளிர் மணல் தரையுள்ள இடுப்பளவு நீரில் பழகுங்கள். டோமை நீரில் முக்கி எடுத்த உடனே, துளிகள் உருளத் தொடங்குவதற்குள், படமெடுத்துவிட வேண்டும். துளி நின்றுவிட்டால் மறுபடி முக்குங்கள். நல்ல ஒரு படத்துக்கு நான் நூறு முறை கூட முக்கியிருக்கிறேன்.